பெட்டகமும் ஏணையும்

யாழ்ப்பாணத்துப் பழைய நாற்சார் வீடுகளின் உள்ளறையிலே, வெளிச்சம் அதிகம் புகாத ஒரு மூலையில், பெட்டகம் ஒன்று வைக்கப்பட்டிருப்பது வழக்கம். தடித்த பலகையாற் செய்து, மூலைகளுக்குப் பித்தளைத் தகடு தைத்து, கனத்த திறப்பொன்றினாற் பூட்டிய பெட்டகம் அது. அதே அறையின் வளையிலே பழஞ்சேலையாற் கட்டிய ஏணை தொங்கும். அதனுள்ளே பிறந்து சில திங்களேயான குழந்தை உறங்கும். வீட்டு மூதாட்டி ஒருகையால் ஏணையை ஆட்டுவாள். மறுகை இடுப்பிற் செருகிய திறப்புக்கோவையைத் தடவிக்கொண்டிருக்கும். பெட்டகத்துள் இருப்பவை முன்னோர் விட்டுச்சென்ற பொருள்கள். ஏணையில் இருப்பது அவற்றை ஏற்க வந்த உயிர். இவ்விரண்டுக்கும் இடையே இருப்பது நாலைந்து முழத் தூரந்தான். ஆயினும் அத்தூரத்தைக் கடந்து பெட்டகத்துப் பொருள் குழந்தையின் கையை முறையாக வந்தடைவது எளிதன்று. குடும்ப வாழ்க்கையின் இன்பங்களிற் பலவும் துன்பங்களிற் சிலவும் அந்த நாலைந்து முழத்துக்குள்ளேயே அடங்கிக் கிடக்கின்றன.

பெட்டகம் தமிழர் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. சிங்கள மக்களும் அதனைப் பெட்டகம என்றே வழங்குகின்றனர். 1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், 1795இல் ஆங்கிலேயரிடம் அதனை இழக்கும்வரை இந்நாட்டுக் கரையோரங்களை ஆண்டனர். அவர்கள் காலத்துத் தச்சுவேலைப்பாடு இலங்கையின் மரத்தளபாடங்களில் ஆழப் பதிந்தது. பெட்டகங்களின் பித்தளைப் பூண்களிலும் உருண்டைக் கால்களிலும் அந்தச் சாயலை இன்றும் காணலாம்.

பெட்டகத்தைத் திறந்தால் முதலிற் புலப்படுவது அதன் மணம். கூறைச்சேலையின் மணமும், வேப்பிலையின் மணமும், பழைய ஓலையின் மணமும் ஒன்றாகக் கலந்து எழும். அடியிலே காணி உறுதிகள் துணியிற் பொதிந்து கிடக்கும். ஓலையில் எழுதிய சாதகக் குறிப்புக்கள் அதன் மேலிருக்கும். மலாயாவுக்குச் சென்று புகையிரதப் பகுதியிலோ அரசாங்க அலுவலகத்திலோ எழுதுவினைஞராய் உழைத்து மீண்ட பாட்டனாரின் புகைப்படம் ஒன்று இருக்கும். அவர் கொண்டுவந்த தங்கப் பவுணிற் செய்த நகையும் இருக்கும். பக்கத்துச் சிறுதட்டிலே குழந்தைக்குரிய பொருள்கள் தனியே வைக்கப்பட்டிருக்கும். அரைஞாண், காப்பு, தண்டை, பஞ்சாயுதம் என்பன அவை.

பஞ்சாயுதம் என்பது சங்கு, சக்கரம், கதை, வாள், வில் என்னும் ஐந்தின் வடிவும் பொறித்த சிறு பதக்கம். இதனையே பழந்தமிழர் ஐம்படைத்தாலி என்றனர். தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன், சிறுவர் அணியும் தாலியைக் களையாத இளம்பருவத்திலேயே போர்க்களம் புகுந்தான் என்பதைப் புறநானூற்றிலே இடைக்குன்றூர் கிழார் பாடியுள்ளார். சிங்களக் குடும்பங்களிலும் குழந்தைக்குப் பஞ்சாயுதம் அணியும் வழக்கம் உண்டு. மொழி வேறாயினும், குழந்தைக்குத் தீங்கு நேரக்கூடாதே என்று அஞ்சும் தாயின் உள்ளம் வேறன்று என்பதற்கு இச்சிறு பதக்கமே சான்று.

ஆண்டு பலவாகப் பூட்டிக்கிடந்த இப்பொருள்கள் குழந்தை பிறந்ததும் ஒவ்வொன்றாய் வெளிவரத் தொடங்கும். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து, வீடு மெழுகி, குழந்தையை நீராட்டிப் பெயரிட்டு அழைக்கையில் அரைஞாணும் காப்பும் வெளிவரும். பல் முளைக்கும் பருவத்திலே பல்லுக்கொழுக்கட்டை அவிப்பர். பல்லைப்போற் கீறிய தேங்காய்ச் சொட்டுக்களைப் பதித்த சிறு கொழுக்கட்டைகளைக் குழந்தையின் தலையிலே வெள்ளைத்துணி விரித்துச் சொரிவர். பின்னர் ஏடு, எழுதுகோல், பொன், நெல் முதலியவற்றை முன்னே பரப்பி, குழந்தை எதனைத் தொடுகிறது என்று சுற்றி நின்று பார்ப்பர். ஏட்டைத் தொட்டாற் கல்விமான் ஆவான் என்றும், பொன்னைத் தொட்டாற் செல்வன் ஆவான் என்றும் கூறி மகிழ்வர். குழந்தையோ பெரும்பாலும் எது பளபளக்கின்றதோ அதனைப் பிடித்து வாய்க்குட் செலுத்த முயலும்! பின்பு விசயதசமி வந்ததும் ஏடு தொடக்குவர். மடியிலிருத்திய குழந்தையின் விரலைப் பிடித்து, பரப்பிய அரிசியிலே முதல் எழுத்தை எழுதுவிப்பர். பாட்டனார் தொட்டெழுதிய எழுத்தாணி அந்த வீட்டில் எஞ்சியிருந்தால், அன்று அதுவும் பூசைத்தட்டில் இடம்பெறும்.

இவ்வாறு பார்க்கையில், முதுசொம் என்பது விலையுயர்ந்த பண்டம் என்பதினும், குழந்தையின் வளர்ச்சிப் படிகளைக் குடும்பம் முழுவதும் கூடி நின்று காண்பதற்குரிய ஒரு கருவி என்பதே பொருந்தும். அதே அரைஞாணைத் தாய் அணிந்திருந்தாள். அவளுடைய தாயும் அணிந்திருந்தாள். குழந்தை தனியே வரவில்லை, ஒரு வரிசையிலே வந்து நிற்கின்றது என்பதை அப்பொருள் சொல்லாமற் சொல்கின்றது.

இனி, இந்த வரிசையிலே யாருக்கு எது சேரும் என்பதனையும் நம் முன்னோர் ஒழுங்குசெய்திருந்தனர். வட இலங்கைத் தமிழரின் வழக்கங்களை ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் 1707ஆம் ஆண்டளவில் தொகுத்தெழுதினார். பன்னிரண்டு முதலிமார் அதனைப் பார்வையிட்டு ஒப்புக்கொண்டனர். அதுவே தேசவழமை எனப்படுவது. 1806இல் ஆங்கிலேயர் அதனைச் சட்டமாக ஏற்றனர். தந்தைவழி வந்தது முதுசொம். பெண்ணுக்குக் கொடுத்தது சீதனம். கணவனும் மனைவியும் சேர்ந்து ஈட்டியது தேடியதேட்டம் என அது பொருளை மூன்றாக வகுத்தது. பின்னர் 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இவ்விதிகளிற் சிலவற்றைத் திருத்தியமைத்தது. மட்டக்களப்புப் பகுதியிலே வழக்கம் வேறு. அங்கே குடிவழி தாய்வழியாகவே எண்ணப்படும். மகளுக்கு வீடு கட்டிக்கொடுப்பது பெற்றோரின் தலையாய கடமை.

ஆயினும், காணிக்கும் வீட்டுக்கும் வழிவகுத்த சட்டம், அம்மம்மாவின் குத்துவிளக்கு யாருக்கு என்று கேட்டால் வாளாவிருக்கும். குடும்பங்களிலே பிணக்கு மூளுவதும் பெரும்பாலும் இங்கேதான். பத்துப் பரப்புக் காணியைப் பகையின்றிப் பங்கிட்ட உடன்பிறந்தார், அந்தியேட்டி முடிந்த மறுநாள் ஒரு வெண்கலச் செம்புக்காக முகம் முறித்துக்கொண்டு பிரிவதுண்டு. செம்பின் விலை அவர்களுக்குப் பெரிதன்று. அதிலே தாய் பால் காய்ச்சிக் கொடுத்தாள் என்ற நினைவையே ஒவ்வொருவரும் தமக்கெனக் கேட்கின்றனர். நினைவைப் பங்கிடத் தெரியாதபோது செம்பைப் பற்றி இழுக்கின்றனர். இதற்கு ஒரு பரிகாரம் உண்டு. மூத்தோர் கண் நன்றாய் இருக்கும் காலத்திலேயே பிள்ளைகளை ஒருங்கே அழைத்து, இன்னது இன்னாருக்கு என்று தம் வாயாற் சொல்லி, அது தமக்கு வந்த கதையையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தல் வேண்டும். தாயின் வாயால் வந்த சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்லும் பிள்ளைகள் மிகச் சிலரே.

பொருளைக் கொடுப்பதோடு அதன் கதையையும் கொடுக்க வேண்டும் என்றதற்கு மற்றுமொரு காரணம் உண்டு. கதைகள் யாவும் இனிமையானவையல்ல.

மூக்குப்பேணியை எடுத்துக்கொள்ளலாம். பித்தளையிலோ வெண்கலத்திலோ வார்த்து, ஒரு பக்கம் குழல்போல மூக்கு வைத்த பாத்திரம் அது. அண்ணாந்து, வாய் படாமல் நீர் அருந்துவதற்கேற்ற அமைப்பு. ஒரு வீட்டின் முற்றத்திலே, தீபாவளிக்கு முந்திய நாள், அம்மம்மா பழப்புளியும் சாம்பலும் இட்டு அப்பேணியைத் துலக்கிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளலாம். ஏழு வயதுப் பேத்தி அருகே குந்தியிருக்கின்றாள்.

“அம்மம்மா, இந்தப் பேணிக்கு மட்டும் ஏன் மூக்கு?”

“வாய் படாமற் குடிக்கத்தான், குஞ்சு. ஒராள் குடிச்ச பேணியிலே மற்றாளும் குடிக்கலாமெல்லோ?”

“வீட்டுக்கு வாற எல்லாருக்கும் இதிலேதான் குடுப்பியளோ?”

பேணியைத் துலக்கிய கை நின்றுவிடுகின்றது. அம்மம்மாவின் கண்முன்னே பழைய முற்றம் ஒன்று விரிகின்றது. வெயிலிற் கிணறு இறைத்துவிட்டு வேலிக்கு அப்பால் நின்ற ஒரு மனிதர். அவர் நீட்டிய சிரட்டை. உயரத்திலிருந்து அதனுள் ஊற்றப்பட்ட நீர். அந்நாளிலே அவளும் இந்தப் பேத்தியைப் போல் ஏழு வயதுச் சிறுமியே. ஆயினும் அவள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்கலாம் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கவுமில்லை.

இந்த இடத்திலே அம்மம்மாவுக்கு முன்னே இரண்டு வழிகள் உள்ளன. “ஓம், எல்லாருக்குந்தான்” என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். பேணியும் பளபளக்கும், குடும்பத்தின் பெயரும் பளபளக்கும். அல்லது உண்மையைச் சொல்லலாம்.

“இல்லைக் குஞ்சு. சிலபேருக்குச் சிரட்டையிலே வார்த்தம். அவையளை வீட்டுக்குள்ளே விடேல்லை. அது பிழை. எங்கடை ஆக்கள் செய்த பெரிய பிழை.”

சிறுமி சற்றுநேரம் பேணியையே பார்த்துக்கொண்டிருக்கின்றாள். பின்பு, “அப்ப நாளைக்கு ஆர் வந்தாலும் இதிலேயே குடுப்பம்” என்கின்றாள். அம்மம்மா தலையசைத்துவிட்டு மீண்டும் துலக்கத் தொடங்குகின்றாள்.

சாதி காரணமாக ஒருவரைக் கோயிலிலோ கடையிலோ பொதுக்கிணற்றிலோ தடுத்தலைக் குற்றமாக்கும் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957ஆம் ஆண்டு இந்நாட்டிலே நிறைவேறியது. சட்டம் பொதுவிடத்தின் கதவைத் திறக்கலாம். வீட்டு முற்றத்தின் பழக்கத்தை மாற்றவேண்டியவர் வீட்டிலுள்ளவரே. அம்மாற்றம் பெரும்பாலும் ஒரு குழந்தையின் கேள்வியிலும், அதற்கு ஒரு மூத்தவர் அளிக்கும் நேர்மையான மறுமொழியிலுமே தொடங்குகின்றது. மூக்குப்பேணியை எறிந்துவிட வேண்டியதில்லை. அதனோடு ஒட்டிவந்த பிழையைத் துலக்கி நீக்கி, பேணியை மட்டும் கையளித்தால் போதும்.

குழந்தை வளர்ப்பிலும் இவ்வாறே. மரபிலே காக்கத்தக்கனவும் உண்டு, கைவிடத்தக்கனவும் உண்டு. பிள்ளை பெற்றவளை வேலைசெய்ய விடாது ஓய்விலிருத்திச் சரக்கரைத்த கறியோடு சோறு கொடுத்துப் பேணுவதும், ஏணையருகே பாடுவதும், மாலையிலே மடியிலிருத்திக் கதை சொல்வதும் காக்கத்தக்கன. பிறந்த குழந்தையின் நாவிலே தேன் தடவுவது கைவிடத்தக்கது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுத்தால், அதிலுள்ள நுண்ணுயிர் வித்துக்கள் கொடிய நோயை விளைக்கக்கூடும் என்பது இன்று தெளிவாக அறியப்பட்டுள்ளது. முதல் ஆறு திங்களுக்குத் தாய்ப்பாலே போதும், வேறு நீரும் வேண்டியதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. பெட்டகத்துப் பொருள்களிலும் கவனம் வேண்டும். பழைய கொலுசின் தளர்ந்த மணி குழந்தையின் தொண்டையில் அடைத்துக்கொள்ளலாம். பெட்டகத்தின் கனத்த மூடி பிஞ்சு விரல்களை நசுக்கலாம். ஒளித்து விளையாடும் சிறுவர் உள்ளே புகுந்து மூடிக்கொண்டால் மூச்சுத் திணறி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகையாற் பெட்டகத்தை எப்பொழுதும் பூட்டி வைத்து, மூத்தோர் உடனிருந்தே திறந்து காட்டுதல் நன்று.

திறந்து காட்டுதல் என்பது இக்காலத்தில் முன்னிலும் இன்றியமையாதது. அழுகின்ற குழந்தையின் கையிலே கைத்தொலைபேசியைக் கொடுத்து அமர்த்துவது இன்று பல வீடுகளிலும் வழக்கமாகிவிட்டது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரைக்காட்சி வேண்டவே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயதுடையோர்க்கு நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படலாகாது என்றும் 2019இல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. திரை தன் போக்கிலே ஓடிக்கொண்டிருக்கும். குழந்தையின் முகத்தைப் பார்த்து அது மறுமொழி சொல்லாது. பனையோலையிற் பின்னிய கிலுகிலுப்பையோ குழந்தை ஆட்டினால் ஒலிக்கும், நிறுத்தினால் அடங்கும். தன் கையின் செயலுக்கு உலகம் விடை தருகின்றது என்பதைக் குழந்தை அதிலிருந்தே கற்கின்றது. அந்தக் கிலுகிலுப்பையைப் பின்னத் தெரிந்த கைகள் இன்று ஊர்களிலே குறைந்துவருகின்றன. பேரனுக்கு அதனைப் பின்னிக் கொடுப்பதோடு பின்னவும் கற்றுக்கொடுக்கும் பாட்டனார், பெட்டகத்திலே வைக்க முடியாத ஒரு முதுசொத்தை வழங்குகின்றார்.

பெட்டகத்திலே வைக்க முடியாதவற்றின் அருமையை இந்நாட்டு மக்கள் துன்பத்தின் வாயிலாகக் கற்றனர். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர்த் திங்களின் இறுதியில், வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஓரிரவிலே வீடுகளைவிட்டுப் புறப்பட்டனர். ஒடுங்கிய வீதியிலே, மழையிலே, கைக்குழந்தைகளோடு நடந்தனர். பெட்டகத்தைத் தூக்கிச் செல்ல எவராலும் இயலவில்லை. எதை எடுப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்கச் சில நிமிடங்களே இருந்தன. குழந்தை இடுப்பில் ஏறியது. காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் துணிப்பைக்குட் புகுந்தன. தாலிக்கொடி சட்டைக்குள் மறைந்தது. ஏனையவை பூட்டிய வீட்டிலே தங்கின. திரும்பி வந்த பலர் கண்டது கூரையில்லாச் சுவர்களையும், தூக்கிச்செல்ல முடியாத அம்மியையும் ஆட்டுக்கல்லையுமே. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி எழுந்தபோது கீழைக்கரையிலே சில நிமிட அவகாசமும் கிட்டவில்லை. அங்கே புகைப்படம் ஒன்றேனும் எஞ்சாத குடும்பங்கள் உண்டு.

மலைநாட்டிலோ பெட்டகம் வைப்பதற்கே இடமிருந்ததில்லை. லயத்தின் ஒற்றை அறையிலே தலைமுறைகள் வாழ்ந்தன. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிலே, தகரப் பெட்டியில் மடித்து வைத்த ஒரு பதிவுத்துண்டே தங்கத்தினும் மேலாகப் போற்றப்பட்டது. எஞ்சியோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறும்வரை அத்துண்டைப் பாட்டி தாயிடமும், தாய் மகனிடமும் கையளித்துவந்தனர். அதனை முதுசொம் என்று அழைப்பதில் தவறில்லை.

எல்லாம் இழந்த அக்குடும்பங்களிலும் குழந்தைகள் வளர்ந்தன. முகாமிலே மரக்கிளையிற் கட்டிய ஏணையிலும் தாய்மார் பாடினர். தன் தாய் பாடிய அதே பாட்டை, அதே இராகத்திலே பாடினர். கடல் கடந்து கனடாவிலும் ஐரோப்பாவிலும் குடியேறியவரின் வீடுகளிலே பெட்டகம் இல்லை. ஆயினும் பேரப்பிள்ளைக்குப் பல் முளைத்தால் அங்கும் கொழுக்கட்டை அவிகின்றது.

ஆகவே கையிலே எஞ்சியுள்ள பொருளைப் பேணுவதும் கடமையே. அதன் கதையைப் பேணுவது அதனினும் பெரிய கடமை. கூறைச்சேலையை இடைக்கிடை விரித்து மடிப்பை மாற்றி வைத்தால், சரிகை ஒரே மடிப்பில் முறியாது. ஓலைச்சுவடியையும் புகைப்படத்தையும் ஈரமும் கறையானும் அணுகாத இடத்திலே வைத்தல் வேண்டும். புகைப்படத்திலே இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதை, அறிந்தவர் உயிரோடிருக்கும்போதே கேட்டெழுதி வைத்தல் வேண்டும். பெயர் மறந்த படம், உறவிழந்த முகமாகிவிடும். பித்தளைப் பாத்திரத்திலே புளிப்பான உணவை நெடுநேரம் வைத்தலாகாது. சமைப்பதாயின் உள்ளே ஈயம் பூசுவித்துக்கொள்ளல் வேண்டும்.

இவற்றையெல்லாம் செய்யும்போது பிள்ளைகளையும் அருகில் இருத்திக்கொள்வது நன்று. ஆண்டுக்கு ஒருநாள் பெட்டகத்தைத் திறந்து, பொருள்களை வெயில் படாத விறாந்தையிலே பரப்பி, ஒவ்வொன்றையும் அவர்கள் கையிலே கொடுத்து, அது வந்த வழியைச் சொல்லலாம். பெருமையையும் சொல்லலாம், பிழையையும் மறையாது சொல்லலாம். இறுதியிலே, பிள்ளைகளும் தமக்குரிய ஒரு பொருளை உள்ளே வைக்கும்படி கேட்கலாம். முதன்முதல் எழுதிய கொப்பியோ, தேய்ந்த சிலேற்றுப் பென்சிலோ, தானே பின்னிய கோணல் கிலுகிலுப்பையோ எதுவாயினும் ஆகட்டும். அம்மம்மாவின் மூக்குப்பேணிக்கு அருகிலே அதற்கும் ஓர் இடம் ஒதுக்கி மூடியைச் சாத்தினால், அடுத்த முறை பெட்டகம் திறக்கும் நாளை வீட்டிலே முதலில் நினைவூட்டுவது அந்தப் பிள்ளையாகவே இருக்கும்.